போஸ்டரில் 10,000 பேர், மணலில் ஒரு பஸ் கூட்டம்: ஏ.ஐ.பி.யின் கடற்கரைக் காமெடிகள்

“5,000 பீச் விரிப்பில் 10,000 இளவட்டங்கள் கூடினால் என்ன ஆகும்!” 1963இல் வந்த ‘பீச் பார்ட்டி’ போஸ்டரின் வாசகம் இது. படத்தை ஓடவிட்டுத் தலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் அடங்கும் கூட்டம்தான் தேறும். அந்தக் கூட்டமே ஆடும், அதுவே கடலுக்குள் ஓடும், ராத்திரி கிளப்பில் வந்து உட்காருவதும் அதே முகங்கள்தான்.

எடுத்தவர்கள் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக ஏ.ஐ.பி. பெரிய ஸ்டூடியோ எதையும் சாராமல், சின்ன பட்ஜெட்டில், டீன் ஏஜ் ரசிகர்களை மட்டும் குறிவைத்துப் படம் விற்ற கம்பெனி. பேய்ப் படம், கார்ப் படம், மோட்டார் சைக்கிள் படம் என்று அவர்கள் கடையில் பல சரக்கு உண்டு. இங்கே பிரித்துப் பார்ப்பது கடற்கரைக் காமெடி வரிசையை மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘பீச் பார்ட்டி’யும் ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’வும் இன்றைக்கும் சிரிக்க வைக்கும். ‘பிகினி பீச்’, ‘மசில் பீச் பார்ட்டி’ இரண்டும் பாதிக் கிணறு. ‘பஜாமா பார்ட்டி’யை ஒரு நடிகருக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஹவ் டு ஸ்டஃப் எ வைல்ட் பிகினி’ களைத்துப்போன படம். ‘தி கோஸ்ட் இன் தி இன்விசிபிள் பிகினி’ ஒட்டுப்போட்ட துணி. ஏழுமே சிக்கனப் படங்கள்தான். கையில் என்ன இல்லை என்பதைக் கதை எழுதும்போதே தெரிந்துவைத்துக்கொண்ட படம் தேறியிருக்கிறது. எடுத்து முடித்த பிறகு கண்டுபிடித்த படம் தேறவில்லை.

கம்பெனி பிறந்த கதையே தலைப்புச் சண்டையில் தொடங்குகிறது. ஜேம்ஸ் எச். நிக்கல்சன், பழைய படங்களை வாங்கிப் புதுப் பெயரில் மறுபடி ஓட்டும் ரியலார்ட் என்ற நிறுவனத்தில் இருந்தவர். தலைப்பு வைப்பதில் கெட்டிக்காரர். அவர் வைத்த ஒரு தலைப்பு தன் கட்சிக்காரருடையது என்று வக்கீல் நோட்டீஸ் தோரணையில் வந்தார் சாமுவேல் இஸட். ஆர்க்காஃப். 500 டாலர் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். சல்லிக்காசு பெயராத ஆபீஸில் காசைக் கறந்த வக்கீலை நிக்கல்சனுக்குப் பிடித்துப்போனது. 1954இல் இருவரும் சேர்ந்து அமெரிக்கன் ரிலீசிங் கார்ப்பரேஷன் தொடங்கினார்கள். 1956இல் பெயர் ஏ.ஐ.பி. ஆனது.

அன்றைய நிலவரம் இப்படி. 1948இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் தியேட்டர்களை விற்றுவிட வேண்டிய கட்டாயம். டிவி வந்ததும் பெரியவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். வெளியே சுற்ற ஆசைப்பட்டவர்கள் இளசுகள். அவர்கள் காரோடு போய் நிற்கும் இடம் டிரைவ்-இன், அதாவது காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர். அங்கே ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம். மேல் படத்துக்கு, அதாவது முக்கியப் படத்துக்கு, வசூலில் சதவீதம் உண்டு. கூடவே ஓடும் கீழ் படத்துக்கு ஃபிக்சட் ஹயர், அதாவது முன்னாலேயே பேசிய தொகை. கூட்டம் முண்டியடித்தாலும் கீழ் படக்காரருக்கு அதே காசுதான். சின்ன பட்ஜெட் கம்பெனிகள் மூச்சுத் திணறிய இடம் இது. ஏ.ஐ.பி. தன் இரண்டு படங்களை ஒன்றாகக் கட்டி, “ஜோடியாக எடுத்துக்கொள், சதவீதம் கொடு” என்றது. இரண்டுமே ஒரே வகையாக இருக்கும்: இரண்டு பேய், அல்லது இரண்டு கார். வந்தவன் பாதியில் எழுந்து போகமாட்டான். 1960 வாக்கில் இதே கணக்கைத் திருப்பிப்போட்டார்கள். இரண்டு கறுப்பு-வெள்ளைப் படத்துக்கான காசை ஒரே கலர், அகலத்திரைப் படத்தில் போட்டார்கள். கடற்கரைப் படங்கள் இந்த இரண்டாம் கட்டத்தில் வந்தவை. பார்வைக்கு வசதியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

வேலை நடக்கும் வரிசை இன்னும் சுவாரசியம். முதலில் தலைப்பு. பிறகு போஸ்டர். அந்தப் போஸ்டரைத் தியேட்டர்காரர்களிடம் காட்டி, முகம் மலர்கிறதா என்று பார்ப்பது. மலர்ந்தால்தான் எழுத்தாளருக்கு அட்வான்ஸ். ஓவியருக்குக் கொடுக்கும் கூலியோடு நஷ்டம் நின்றுவிடும் என்பதால் இது வீம்பு அல்ல, விவரம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. தலைப்பும் கதையும் வேறு வேறு திசையில் ஓடும். ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’வில் பிங்கோ ஆட்டத்தைத் தேடாதீர்கள். அதே படத்தில் இன்னொரு கூத்து: முந்தைய படங்களில் டெட்ஹெட் என்று அழைக்கப்பட்ட மந்தபுத்திப் பையன் (ஜோடி மெக்ரே) இதில் திடீரென்று போன்ஹெட் ஆகிவிடுகிறான். கதையில் காரணம் இருக்காது. ‘சார்ஜன்ட் டெட்ஹெட்’ என்று வேறொரு படத்துக்குத் தலைப்பு ஒதுக்கியாகிவிட்டது. அதில் ஹீரோ, இந்தக் கடற்கரை வரிசையின் நாயகனான ஃப்ராங்கி அவலான். தலைப்புக்காகப் பாத்திரத்தின் பெயரையே பிடுங்கிக்கொண்டார்கள்.

யாருக்காகப் படம் என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இல்லை. ‘பீட்டர் பேன் சிண்ட்ரோம்’ என்று ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். பெரிய பையன் பார்ப்பதைச் சின்னவன் பார்ப்பான். சின்னவன் பார்ப்பதைப் பெரியவன் தொடமாட்டான். பையன் பார்ப்பதைப் பெண் பார்ப்பாள். பெண் பார்ப்பதைப் பையன் பார்க்கமாட்டான். ஆகவே 19 வயது ஆணைக் குறிவை. படிக்க எரிச்சலாகத்தான் இருக்கும். பெண்ணின் விருப்பம் கணக்கிலேயே வரவில்லை. படங்களில் கேமரா எங்கே போய் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், படத்தில் மூளையோடு பேசுவது எப்போதும் நாயகி அனெட் ஃபுனிசெல்லோதான். கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்கிறாள், காதலன் ஃப்ராங்கி நழுவுகிறான். பொறாமை மூட்ட இரண்டு பேரும் வேறு ஆளைத் தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான். அடுத்தடுத்த படங்களில் மாறுவது அந்த வேறு ஆள் மட்டும்.

முதல் படமான ‘பீச் பார்ட்டி’யை சின்ன பட்ஜெட்டில் காமெடி எடுக்க நினைப்பவர்கள் பேனாவோடு உட்கார்ந்து பார்க்கலாம். அப்பா அம்மா யாருமே இல்லை. இதைச் சுதந்திரத்தின் அடையாளம் என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்டால் வேறு சொல்வார்: அப்பா இல்லையென்றால் வீடு வேண்டாம், சமையலறை செட் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், நான்கைந்து நடிகர்களின் கால்ஷீட் வேண்டாம். மிஞ்சுவது மாலிபு பக்கத்து மணல், ஒரு கடற்கரை வீடு, ஒரு கிளப். பெரியவர் என்று முக்கியமாக ஒருவர் வெளியிலிருந்து வருவார். இதில் அவர் தாடி வைத்த மானுடவியல் பேராசிரியர் (பாப் கம்மிங்ஸ்). தொலைநோக்கியில் இளசுகளின் காதல் பழக்கவழக்கங்களை ஆராய்ச்சி செய்கிறார். இந்த ஒரு பாத்திரத்தால் மூன்று வேலை நடக்கிறது. பார்வையாளர் எட்டிப்பார்ப்பதற்கு அவர் சாக்கு. கதாநாயகியின் பொறாமை நாடகத்துக்கு அவரே இரண்டாவது ஆள். பெரியவர்கள் இளசுகளைப் பார்த்து வாய்பிளப்பதைக் கிண்டலடிக்கவும் அவரே போதும்.

“டீன் ஏஜ்” என்று போட்டுக்கொண்டாலும் நடித்தவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். 18க்குக் கீழே ஆள் போட்டால் கலிபோர்னியா சட்டப்படி வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, செட்டில் ஆசிரியரும் இருக்க வேண்டும். நாளுக்கு இத்தனை ஷாட் என்று ஓடும் யூனிட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இயக்குநர் வில்லியம் ஆஷர் டிவியிலிருந்து வந்தவர். ‘ஐ லவ் லூசி’ தொடரில் வாரம் தவறாமல் எபிசோட் முடித்துப் பழகிய கை. அந்த வேகம் இல்லாமல் 1963 கோடைக்கும் 1965 கோடைக்கும் நடுவே இந்த வரிசையில் 6 படம் வெளிவந்திருக்காது. அவற்றில் 5 அவர் கைவண்ணம்.

வில்லன் விஷயத்தில்தான் இந்தக் கம்பெனியின் சாமர்த்தியம் பளிச்சென்று தெரிகிறது. எரிக் வான் ஸிப்பர், தோல் ஜாக்கெட் போட்ட மோட்டார் சைக்கிள் கும்பல் தலைவன். நடித்தவர் ஹார்வி லெம்பெக். முரட்டு பைக் இளைஞனாக மார்லன் பிராண்டோ திரையில் போட்ட தோரணையை அப்படியே எடுத்து, நடுத்தர வயது, குண்டு உடம்பு, மழுங்கிய மூளை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டார்கள். பேராசிரியர் ஒரே விரலால் தலையில் ஓரிடத்தைத் தொட்டு ஆளை உறைய வைக்கும் வித்தை காட்டுகிறார். ஸிப்பர் அதைக் கற்றுக்கொள்ளப் போய்த் தன்னைத்தானே உறைய வைத்துக்கொள்கிறான். செட் செலவு, ஸ்பெஷல் எஃபெக்ட் செலவு இரண்டும் சுழியம். ஒரு விரலும் அசையாமல் நிற்கும் நடிகரும் போதும். இந்த நகைச்சுவையை அடுத்தடுத்த படங்களுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். வில்லன் யாரையும் உண்மையாக அடிக்காததால் சென்சார் தகராறும் இல்லை, பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்குத் தயக்கமும் இல்லை.

கௌரவ வேடக் கணக்கும் கவனிக்க வேண்டியது. ‘பீச் பார்ட்டி’யில் கிளப் மூலையில் படம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும் ஆள் கடைசியில் நிமிர்கிறார்: வின்சென்ட் பிரைஸ். ‘மசில் பீச் பார்ட்டி’யில் பீட்டர் லோர். ‘பிகினி பீச்’சில் போரிஸ் கார்லாஃப். மூன்று பேரும் அதே கம்பெனியின் பேய்ப் பட நடிகர்கள். ஒரு நாள் வேலை. படத்துக்குப் பெரிய பெயர், பேய்ப் படத்துக்கு ஓசி விளம்பரம். படம் முடிகையில் அடுத்த படத்தின் தலைப்பை அறிவிப்பதும் இதே புத்திதான். சந்தாவே இல்லாமல் சந்தாதாரர் பிடிக்கும் வழி.

எங்கே சறுக்குகிறது? முதலில் அலைச்சறுக்கு. மிக்கி டோரா மாதிரி அசல் அலைச்சறுக்கு ஆட்கள் தூரக் காட்சியில் அலையை வெட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த வெட்டில் ஃப்ராங்கி ஸ்டூடியோவுக்குள் பலகைமேல் நின்று, பின்னால் ஓடும் திரைக்கு முன் இடுப்பை ஆட்டிக்கொண்டிருப்பார். வெயில் ஒரு பக்கம், ஸ்டூடியோ லைட் இன்னொரு பக்கம். தலைமுடி காய்ந்தே இருக்கும். ஒரு தடவை சிரிப்பு வரும். நாலாவது படத்திலும் அதே என்றால் கொட்டாவிதான் வரும்.

இரண்டாவது, பாட்டு. ஒரு பாட்டு சுமார் இரண்டரை நிமிடம் என்று வையுங்கள். 7 பாட்டு போட்டால் ஏறக்குறைய 17 நிமிடத்துக்குத் திரைக்கதை எழுத வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரப் படத்தில் இது பெரிய மிச்சம். பாட்டு நன்றாக இருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. ‘மசில் பீச் பார்ட்டி’க்கு பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பாட்டு எழுதியவர்களில் ஒருவர், லிட்டில் ஸ்டீவி வொண்டர் முதன்முதலாகத் திரையில் வந்ததும் அதில்தான். அந்தச் சில நிமிடங்கள் படத்தின் மீதிப் பகுதியைவிட மேல். 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்ததும் அலைச்சறுக்குக் கூட்டத்தின் பாட்டான சர்ஃப் இசையின் மவுசு ஆட்டம் கண்டது. ‘பிகினி பீச்’ அதைக் கிண்டலால் சமாளிக்கப் பார்த்தது. அவலானே இரட்டை வேடத்தில் ‘பொட்டேட்டோ பக்’ என்ற இங்கிலாந்துப் பாடகராக வருகிறார். யோசனை நல்லது, ஜோக் ஒன்றுதான். குரங்கு வேடம் போட்ட ஆளை வைத்து, “இந்தக் குரங்கும் இந்த இளசுகளும் ஒன்று” என்று ஒரு பத்திரிகை முதலாளி நிரூபிக்கத் துடிக்கும் கிளைக்கதைதான் படத்தைத் தாங்குகிறது.

மூன்றாவது, காலம் மன்னிக்காத விஷயங்கள். கடற்கரை முழுக்க வெள்ளை முகங்கள். கறுப்பினக் கலைஞர்கள் வந்து பாடிவிட்டுப் போகும் விருந்தாளிகள் மட்டுமே. ‘பஜாமா பார்ட்டி’யில் மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டனுக்குச் செவ்விந்தியத் தலைவர் வேடம் கட்டி உடைந்த ஆங்கிலம் பேச வைத்திருக்கிறார்கள். பார்க்கவே கூசுகிறது. ஆனால் எழுபதை எட்டப்போகும் அந்த மனிதர் ஒரு கதவருகே நிற்பதிலும், தடுமாறி விழுவதிலும் வைக்கும் நேரக்கணக்கை அந்தப் படத்தில் வேறு யாரிடமும் காணமுடியாது. அவருக்காக மட்டும் அதைப் போடலாம்.

‘பீச் பிளாங்கெட் பிங்கோ’ (1965) இந்தச் சரக்கின் உச்சம். பாடகி சுகர் கேன் (லிண்டா எவன்ஸ்), விளம்பரத்துக்காக அவள் விமானத்திலிருந்து குதித்ததாகவே நாடகமாடும் ஏஜென்ட் (பால் லிண்ட்), போன்ஹெட்டைக் காதலிக்கும் கடல்கன்னி, சுகர் கேனைக் கடத்தும் ஸிப்பர், கடைசியில் மரமறுக்கும் ஆலையில் ரம்பத்துக்கு முன்னால் கட்டிப்போட்ட அதே சுகர் கேன். மௌனப்படக் காலத்துத் துரத்தலை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். கீட்டனும் பக்கத்திலேயே இருக்கிறார். இங்கே எல்லோருக்கும் தாங்கள் என்ன மாதிரிப் படத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்திருக்கிறது. மலிவான எஃபெக்ட்டை மறைக்கப் பாடுபடாமல் அதையே ஜோக்காக்கிவிட்டார்கள்.

அதே ஆண்டு வந்த ‘ஹவ் டு ஸ்டஃப் எ வைல்ட் பிகினி’யில் சங்கதி கெட்டுப்போனது. அவலான் தாஹிதித் தீவில் கடற்படை வேலையில் இருப்பதாகச் சொல்லிச் சில நிமிடங்களோடு அனுப்பிவிட்டார்கள். அனெட் அப்போது கர்ப்பிணி. தொளதொள உடையிலும் பொருட்களுக்குப் பின்னாலும் அவரை மறைத்து மறைத்துப் படமாக்கியிருப்பதைக் கவனித்தால் தெரியும். ஜோடிதான் இந்த வரிசையின் முதுகெலும்பு. ஒருவர் ஊரில் இல்லை, மற்றவர் அசைய முடியவில்லை. கதையோ அவர்கள் இரண்டு பேரும் ஓடியாடுவார்கள் என்று நம்பி எழுதிய பழைய அச்சுதான்.

‘தி கோஸ்ட் இன் தி இன்விசிபிள் பிகினி’ (1966) இன்னும் மோசம். அவலானும் இல்லை, அனெட்டும் இல்லை, கடற்கரையும் இல்லை, பாழடைந்த மாளிகை. எடிட் செய்த முதல் பிரதியைப் பார்த்த முதலாளிகளுக்கு அது தேறாது என்று பட்டது. பிறகுதான் கார்லாஃபையும் சூசன் ஹார்ட்டையும் தனியாக எடுத்து நடுநடுவே செருகினார்கள். பேய்ப் பெண்ணாக வரும் ஹார்ட் மற்ற நடிகர்களோடு கண்ணோடு கண் பார்ப்பதேயில்லை, கவனியுங்கள். ஒரே அறையில் நிற்பதாகக் கதை. எடுத்ததோ வேறு வேறு காலத்தில். காட்சிக்குக் காட்சி தையல் தெரிகிறது. ‘பீச் பார்ட்டி’யில் வின்சென்ட் பிரைஸின் ஒரு நாள் வேலையும் செருகல்தான். ஆனால் அவருக்கென்று கதையில் ஒரு மூலை நாற்காலி முன்கூட்டியே போட்டிருந்தார்கள்.

அந்த வருஷமே ஏ.ஐ.பி. ரோஜர் கோர்மன் இயக்கத்தில் ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ வெளியிட்டது. அதே மோட்டார் சைக்கிள், அதே தோல் ஜாக்கெட், ஆனால் இந்தத் தடவை அடி நிஜம். அதைப் பார்த்துவிட்டு ஸிப்பரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? கடற்கரைக் கடையை மூடியது போட்டிக் கம்பெனி அல்ல, இவர்களேதான்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நிக்கல்சன் 1972இல் விலகினார். அதே ஆண்டு காலமானார். 1979இல் கம்பெனி ஃபில்ம்வேஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. அது பிறகு ஓரியன் ஆகி, இந்தப் படங்கள் கடைசியில் எம்.ஜி.எம். கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே பழைய டிவிடிகளில் ஏ.ஐ.பி. முத்திரையைத் தேடாமல் எம்.ஜி.எம். பெயரில் தேடுங்கள். வாங்கும் முன் படத்தின் அகலத்தைப் பார்ப்பது மிக முக்கியம். இவை பேனாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுத்த படங்கள், அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 2.35:1. பழைய டிவிக்காக 4:3 சதுரமாக வெட்டிய பிரதியில் அகலத்தில் 43 சதவீதம் காணாமல் போய்விடும். சாதாரணக் குடும்பப் படத்தில் அது அவ்வளவு உறுத்தாது. இங்கே வரிசையாக நின்று ஆடும் கூட்டம்தான் காட்சி. முன்னால் ஒருவர் வசனம் பேசும்போது ஓரத்தில் நடனக்காரி கேண்டி ஜான்சன் இடுப்பை வெட்ட, அந்த வேகத்தில் தூரத்தில் ஒரு பையன் பறந்து விழுவான். அந்த ஜோக் சதுரப் பிரதியில் இருக்கவே இருக்காது.

வரிசைப்படி பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. ‘பீச் பார்ட்டி’யில் தொடங்கி நேராக ‘பிங்கோ’வுக்குத் தாவினால் எதையும் இழக்கமாட்டீர்கள். முதல் படத்தில் டோலோரஸ் என்று வரும் பெண் பிறகு டீ டீ ஆகிவிடுகிறாள், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் எந்த ஜோக் எந்தப் படத்தில் என்பது கலங்கிவிடும்.

கிளைப் படமான ‘ஸ்கீ பார்ட்டி’யை (1965) முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டாலும், பனிச்சறுக்கு மீட்புப் படையாக உள்ளே வரும் பாடகர் ஜேம்ஸ் பிரவுனும் அவர் குழுவும் விடுதிக்குள் ஒரு பாட்டை அதிரவைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். சுற்றி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் எப்படிக் கைதட்டுவது என்று தெரியாமல் விழிப்பதும் காணக்கூடியதே. முடிவில் ‘அடுத்து: க்ரூஸ் பார்ட்டி’ என்று அறிவிப்பு வரும். அதைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை, தலைப்போடு நின்றுவிட்டது.